ஈரத் தரைக்குத் தள்ளுபடி

சாந்தன் அண்ணனுக்குக் குதிரையைக் கண்டால் பயம். இதைச் சொன்னால் கொழும்பில் எந்தப் புக்கிக் கடையிலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைகளுக்கு அவர் போட்ட வேகப் புள்ளியைப் பார்த்துத்தான் கொட்டாஞ்சேனை முதல் தெகிவளை வரை எத்தனையோ பேர் பந்தயம் கட்டினார்கள். ஆனால் காலிமுகத்திடலில் பொலிஸ் குதிரை ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு கிட்ட வந்தபோது, மனிதர் கையிலிருந்த ஐஸ்கிறீமைப் போட்டுவிட்டு மனைவிக்குப் பின்னால் போய் ஒளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐறீன் அக்காதான் குதிரையின் மூக்கைத் தடவி அனுப்பிவைத்தார்.

நான் வெள்ளவத்தைக்காரன். கிருபாகரன் முதலாளி நடத்தும் ரேஸ் பேப்பருக்குப் பக்கம் அமைப்பது என் வேலை. எந்த மைதானத்தில் எந்தக் குதிரை ஓடுகிறது, யார் ஜொக்கி, எவ்வளவு பாரம் என்றெல்லாம் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சாந்தன் அண்ணனின் புள்ளியைப் போடுவோம். அந்தப் புள்ளிக்காகத்தான் பேப்பர் விற்றது. மற்றதெல்லாம் போனிலேயே கிடைக்கும். இதை நான் முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

புள்ளி போடுவது எப்படி என்று அண்ணன் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். முதலாவதாக வருகிற குதிரை நல்ல குதிரை என்று நினைப்பவன் மடையன் என்பார். நொண்டிகளாகவே சேர்ந்து ஓடினாலும் அதிலும் ஒன்று முதலாவதாக வரத்தான் செய்யும். ஆகவே அவர் வெற்றியைப் பார்ப்பதில்லை, மணிக்கூட்டைப் பார்ப்பார். குறிப்பிட்ட தூரத்தை நல்ல குதிரை ஒன்று எவ்வளவு நேரத்தில் ஓடி முடிக்கும் என்று ஒவ்வொரு மைதானத்துக்கும் அவரிடம் கணக்கு உண்டு. அதைவிடப் பிந்தினால் ஏன் பிந்தியது என்று தேடுவார். மழையில் புல் ஊறிக் கிடந்திருந்தால் அதற்குக் கொஞ்சம், முதுகில் பாரம் கூடியிருந்தால் அதற்குக் கொஞ்சம், எதிர்க்காற்றுக்குக் கொஞ்சம் என்று நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் புள்ளி போடுவார்; நேரம் குறைந்தால் புள்ளி கூடும். இந்தக் கழிவை அவர் தள்ளுபடி என்பார்.

“பாவம், அது சேத்துக்குள்ள ஓடின குதிரை. தள்ளுபடி குடுக்காட்டி அநியாயம்” என்பார். சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

அவர் ஒரு நாளும் பந்தயம் கட்டியதில்லை. குடிப்பதுமில்லை. துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கொட்டாஞ்சேனைப் பேராலயத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் வீடு. பிள்ளைகள் இல்லை. முன் அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் அண்ணன் கணக்குப் போடுவார், மற்றதில் ஐறீன் அக்கா சட்டை தைப்பார். கொட்டாஞ்சேனையில் கலியாணம் என்றால் பெண்ணுக்குச் சட்டை அவரிடம்தான். வாய் ஓயாமல் பகிடி விடுகிற மனுசி. அண்ணனோ தட்டில் சோற்றை வைத்துக்கொண்டும் ரேஸ் முடிவுகளைத்தான் பார்ப்பார். ஒருநாள் அக்கா வேண்டுமென்றே பருப்பில் உப்பை அள்ளிப் போட்டாராம். மனிதர் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாராம். அக்கா இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார், நானும் சிரித்தேன்.

பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. தாள் இல்லை, மை இல்லை, கரண்ட் இல்லை. முதலாளி பேப்பரை நிறுத்திவிட்டார். நான் பெற்றோல் வரிசையில் நின்று தேய்ந்துகொண்டிருந்தேன். சாந்தன் அண்ணனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் குதிரைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் யாருக்காகப் புள்ளி போடுவது? கதிரையை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் கடைசியில் மனைவிக்குப் புள்ளி போடத் தொடங்கினார்.

அக்கா பேராலயத்துக்குக் காலைப் பூசைக்குப் போய்த் திரும்பி வருவார். ஒழுங்கை முனையில் ஒரு லைட் போஸ்ட் இருக்கிறது. அதைத் தாண்டியதும் அண்ணன் போனில் மணிக்கூட்டை அமத்தித் தொடங்குவார், வாசற்படியில் கால் வைத்ததும் நிறுத்துவார். பிறகு தள்ளுபடிகளைப் பார்த்துப் புள்ளியைச் சொல்வார். நான் சுகம் விசாரிக்கப் போன ஒரு காலையில் இந்தக் கூத்தை நேரில் கண்டேன்.

“இண்டைக்கு எழுபத்தாறு” என்றார் அண்ணன்.

“என்ன, எழுபத்தாறா? கையில பாண் இருக்கு, தேங்கா இருக்கு. பாரத்தச் சேத்தீங்களா?”

“சேத்துத்தான் எழுபத்தாறு.”

“ரோட்டெல்லாம் ஈரம். அதுக்கு?”

அண்ணன் கொஞ்சம் யோசித்து எழுபத்தெட்டு ஆக்கினார். அக்கா வெற்றிக் கிண்ணம் வாங்கியதுபோலப் பாணைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்த வீட்டைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. நாடே பாணுக்கு அலைந்த காலத்தில் இவர்களுக்கு மட்டும் விளையாட்டு.

பேப்பர் மறுபடி வெளிவரத் தொடங்கியது. அண்ணனும் மேசைக்குத் திரும்பினார். ஆனால் காலையில் அந்த ஒரு கொஞ்ச நேரம் மட்டும் வாசலுக்கு வந்து அக்காவை அளப்பதை விடவில்லை. பழகிவிட்டது என்றார்.

அடுத்த வருடம் நடுப்பகுதியில் அக்காவின் தையலைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. என் கூடப்பிறந்த அக்காவின் மகள் துஷ்யந்திக்குத் தைத்த சட்டையில் கொளுக்கிகள் கோணலாக இருந்தன. கண் மங்குகிறது போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வீட்டில் கோப்பைகள் விழுந்து உடைந்தன. அண்ணனுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் அளந்தது நடையை. நடைக்கான புள்ளி எழுபத்தைந்துக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவில்தான் நின்றது.

எப்படி நின்றது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. நேரம் கூடக் கூடத் தள்ளுபடியும் கூடியிருக்கிறது. அக்கா வரும்போதே காரணத்தையும் கொண்டுவருவார். செருப்புத் தேய்ந்துவிட்டது. தண்ணிக் குழாய்க்கு ஒழுங்கையைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். நாய் குறுக்கே வந்தது. சேலை கனம். வெயில். அண்ணன் எல்லாவற்றுக்கும் கழித்துக் கொடுத்தார். குதிரைக்குக் கொடுக்கிறவர் மனைவிக்குக் கொடுக்காமல் இருப்பாரா?

அடுத்த தை மாதம், புள்ளிகளை வாங்கிப்போக வந்த நான் அண்ணனோடு வாசலில் நின்றேன். அக்கா ஒழுங்கைக்குள் திரும்பினார். அவர் நடப்பதை நான் பார்த்துக் கனநாள் ஆகியிருந்தது. ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி வந்தார். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்தார். பக்கத்து வீட்டு நேசமலர் அதே பூசைக்குப் போய் வருகிறவர். அவர் எப்போதோ எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டார்.

“அண்ணன், அக்கா சுவரைப் பிடிச்சுக்கொண்டு வாறா.”

“தரை ஈரம்” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எங்க ஈரம்? மழை பெய்து எத்தின நாள்?”

“ஆரோ தண்ணி ஊத்தியிருப்பினம்.”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. “மனுசி நடக்கேலாமல் வாறா, நீங்க மார்க் போட்டுக்கொண்டு நிக்கிறீங்க. டொக்டரிட்டக் கொண்டுபோங்க முதல்ல.”

“மார்க் குறையேல்லயே” என்றார் அண்ணன். நான் ஏதோ கூடாத வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தார். அதற்குள் அக்கா படிக்கு வந்துவிட்டார். “என்னப்பா சத்தம்? புதுச் செருப்பு, கடிக்குது” என்றார். அண்ணன் அதையும் கழித்தார். நான் புள்ளிகளை வாங்கிக்கொண்டு தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று அக்கா விழுந்தார். ஒழுங்கை முனையில், காய்ந்த தரையில், ஒன்றும் தடுக்காமல் விழுந்தார். எழும்ப முடியவில்லை. நேசமலர் எனக்குப் போன் எடுத்தார். நான் போவதற்குள் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை, பிரச்சினை கழுத்தில் என்றார்கள். கழுத்தெலும்பு உள்ளே வளர்ந்து முள்ளந்தண்டு நரம்பை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது. கையில் தொடங்கிக் கால் வரைக்கும் வந்த கோளாறுக்கெல்லாம் அதுதான் காரணம்.

டொக்டர் ஓர் இளம் சிங்களப் பிள்ளை. நிதானமாகத்தான் கேட்டார். நடை எப்போதிலிருந்து குறைந்தது, சுமாராகவாவது சொல்ல முடியுமா என்றார்.

சுமாராகச் சொல்கிற பழக்கம் சாந்தன் அண்ணனுக்கு இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில், முதல் மாதத்திலிருந்து தொடங்கினார். லைட் போஸ்டிலிருந்து வாசல் வரை எவ்வளவு நேரம், அடுத்த மாதம் எவ்வளவு, அதற்கடுத்த மாதம் எவ்வளவு. எல்லாம் மனதில் இருந்தது. கழிக்காத, உள்ளபடியான நேரம். அப்படியே கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போயிற்று. முதல் வருடக் கடைசியைத் தாண்டும்போது அண்ணனின் குரல் இறங்கியது. பிறகு சொல்லிக்கொண்டிருந்த மாதத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். தன் வாயால் சொல்வதை அவர் அப்போதுதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். இவ்வளவு கவனமாக அளந்த நீங்கள் ஏன் இவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று கேட்டார். குறை சொல்லும் குரலில் அல்ல, உண்மையாகவே விளங்காமல்.

“வட்டம் கொடுத்தேன்” என்றார் அண்ணன் சிங்களத்தில். கடையில் சாமானுக்குக் கொடுக்கும் தள்ளுபடிக்கு அந்த வார்த்தை. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒப்பரேஷன் செய்தால் மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம், போனது திரும்பி வராது என்றார் டொக்டர். ஒரு வருடம் முன்பு வந்திருந்தால் நடந்திருப்பாரா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பெரும்பாலும் என்றார்.

வெளியே மர வாங்கில் அண்ணனும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கணக்கில் விட்ட பிழையை விளக்குவதுபோல மெல்லச் சொன்னார்.

“ஒரு குதிரை மட்டும் ஓடினா, தரையில பிழையா, குதிரையில பிழையா எண்டு மணிக்கூட்டுக்குத் தெரியாது. அண்டைக்கு ஓடின எல்லாம் சேர்ந்து பிந்தினாத்தான் தரையில பிழை எண்டு சொல்லலாம். இது எனக்குத் தெரியும் தம்பி. முதலாவதாப் படிக்கிற பாடமே இதுதான்.” விரலால் முழங்காலில் ஒரு கோடு இழுத்தார். “நேசமலரும் அதே ஒழுங்கையாலதான் வாறவ. அதே ஈரம், அதே வெயில். அவவையும் அளந்திருந்தா முதல் மாசமே பிடிச்சிருப்பன். தினம் எனக்கு முன்னாலதான் போனவ.”

அவருடைய முதுகில் கையை வைத்தேன்.

ஒப்பரேஷன் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தார். பேராலயத்தில் இரவல் கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று. மீதி நேரமெல்லாம் கட்டில். அண்ணன் புள்ளி போடுவதை நிறுத்திவிட்டார். முன் அறையிலிருந்த அவருடைய மேசையைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கட்டிலைப் போட்டார். முதலாளி எங்கோ இணையத்தில் பிடித்த எண்களை எடுத்துப் போட்டுப் பார்த்தார். புக்கிக் கடைகளில் பேப்பரைத் தூக்கி எறிந்தார்கள். போய்க் கதைத்துப் பார், எப்படியாவது கூட்டிக்கொண்டு வா என்று முதலாளி என்னைத்தான் பிடித்துத் தள்ளினார். அவருக்குப் பேப்பர் கவலை. எனக்கு மனிதர் இப்படியே ஒடிந்து போய்விடுவாரோ என்று பயம். நான்கைந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் சாறம் மடித்துக் கட்டியபடி சோறு வடித்துக்கொண்டோ, அக்காவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டோ இருப்பார். கறி வாயில் வைக்க முடியாது. அக்கா சாப்பிட்டுவிட்டு அருமை என்பார். கணக்கைப் பற்றி எடுத்தாலே அண்ணன், “ஒரு மனுசிய முடமாக்கினது போதும்” என்று எழும்பிப் போய்விடுவார். ஆள் பாதியாகிவிட்டார். இரவில் கண்ணை மூடினால் ஒழுங்கைதான் தெரிகிறது என்றார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனபோது, அண்ணன் பார்மசிக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் பார்த்துக்கொள் என்று என்னை இருத்திவிட்டுப் போனார். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார். விரல்கள் மடங்கிப்போயிருந்தன. நான் முதலாளி அனுப்பிய விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் இப்படித் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்குவார், நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றேன். அவருடைய பிழை இல்லை என்று உங்கள் வாயால் ஒருமுறை சொன்னால் தேறிவிடுவார் என்றேன்.

அக்கா வாசலைப் பார்த்தார்.

“அவர்ட பிழை இல்லத்தான்” என்றார். “எனக்கு முதலே தெரியும் தம்பி. பேப்பர் நிண்ட வருஷக் கடைசியிலேயே கால் ரெண்டும் பஞ்சு மாதிரி. ஊசியும் நிதானமாப் பிடிக்கேலாது. ஈரமும் இல்ல, செருப்பும் இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்.”

ஏன் என்று மட்டும் கேட்டேன்.

“கலியாணம் கட்டின நாள் தொட்டு இந்த மனுசன் என்னை நிமிந்து பாத்ததில்ல. கூடாதவர் இல்ல. ஆனா பாக்கத் தெரியாது. பேப்பர் நிண்ட நேரம் வாசல்ல வந்து குந்தினார். நான் லைட் போஸ்டடியில திரும்பினா, அங்க இருந்து என்னையே பாத்துக்கொண்டிருப்பார். என்ர காலை, என்ர கையை, என்ன சேலை எண்டு. வேற ஒண்டையும் பாக்கமாட்டார். கால் ஏலாது எண்டு சொல்லியிருந்தா ஆஸ்பத்திரி, மருந்து எண்டு அது முடிஞ்சு போயிருக்கும். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் எண்டு விட்டுட்டன். இவ்வளவு தூரம் போகும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“அக்கா, இதை அவரிட்டச் சொல்லுங்க. இண்டைக்கே சொல்லுங்க. அந்த மனுசன் தன்னாலதான் எண்டு செத்துக்கொண்டிருக்கிறார்.”

“சொல்லமாட்டன். நீங்களும் சொல்லக்கூடாது.”

“ஏன்?”

“தன்ர பிழை எண்டு நினைக்கிறபடியாத்தான் பக்கத்தில இருக்கிறார்” என்றார் அக்கா. “இல்ல எண்டு தெரிஞ்சா மேசைக்குப் போயிருவார்.”

இதை இங்கே எழுதுவதில் எனக்குப் பயமில்லை. அண்ணன் ரேஸ் பேப்பரைத் தவிர வேறொன்றும் வாசித்ததில்லை, இப்போது அதையும் வாசிப்பதில்லை. ஆனால் அன்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது எனக்கு அக்காவின் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதனை இப்படி வாட்டி வைப்பதா என்று கேட்க வாயெடுத்தேன். மடங்கிய அந்த விரல்களைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

அண்ணன் வந்துவிட்டார். மருந்துப் பையை வைத்தார், கையைக் கழுவினார், கட்டிலின் ஓரத்தில் இருந்து அக்காவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பாதத்துக்கு அவர் தொடுவது சரியாகத் தெரியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட்டார்.

“முதலாளியிட்டச் சொல்லு தம்பி, இனி என்னை எதிர்பாக்க வேண்டாம்” என்றார். “நான் செய்த பிழைக்கு இதாவது செய்ய வேணும்.”

அக்கா என்னைப் பார்த்தார். முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் அண்ணன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.